புயலுக்கு முன் அடிக்க வேண்டிய கட்டளைகள்

காரைக்காலில் இருந்து புதுச்சேரிக்குச் சாலை வழியே சுமார் 130 கிலோமீட்டர். தரங்கம்பாடி, சீர்காழி, கொள்ளிடப் பாலம், சிதம்பரம், கடலூர் என்று வழி நெடுக எல்லாம் தமிழ்நாட்டு ஊர்கள். பிரெஞ்சுக்காரர்கள் போட்ட எல்லை 1954க்குப் பிறகும் நிர்வாகத்தில் அப்படியே நின்றுவிட்டதால், 160 சதுர கிலோமீட்டர் அளவே உள்ள இந்த மாவட்டம் தன் தலைமை அலுவலகங்களிலிருந்து தள்ளியே இருக்கிறது. ஆனால் கணினி இல்லாமல் ஒரு நாளும் ஓடாத நிறுவனங்கள் இந்தச் சின்ன இடத்துக்குள் நிறைய உண்டு. திருவேட்டக்குடியில் 2010இல் தொடங்கப்பட்ட தேசியத் தொழில்நுட்பக் கழகம், 2016இல் மாணவர்களைச் சேர்க்கத் தொடங்கிய ஜிப்மரின் காரைக்கால் கிளை, நிரவியில் ஓஎன்ஜிசியின் காவிரிப் பிரிவு அலுவலகம், வாஞ்சூர் பக்கம் துறைமுகம், வானிலைத் துறையின் டாப்ளர் ரேடார். இவை போக வங்கிகள், பள்ளிகள், அரசு அலுவலகங்கள்.

இத்தகைய ஓர் ஊரில் ராத்திரி பதினோரு மணிக்கு ஒரு சர்வர் ‘ஹேங்’ ஆகிவிட்டால் என்ன செய்வது? அதை அறிந்தவர் புதுச்சேரியிலோ சென்னையிலோ இருப்பார். சர்வர் அறையின் சாவி வாட்ச்மேனிடம் இருக்கும். விடியற்காலை பஸ் பிடித்து வந்து, ஒரு பொத்தானை நான்கு விநாடி அழுத்திப் பிடித்துவிட்டு, மறுபடி பஸ் ஏறும் வேலையைப் பல பேர் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். அவர்கள் தட்டிவிட்டுப் போகும் அந்தப் பெட்டிக்குள்ளேயே, இந்தப் பயணம் தேவைப்படாமல் இருப்பதற்காகவே பொருத்தப்பட்ட ஒரு சிறு கணினி பெரும்பாலும் உண்டு. அதற்குரிய கேபிளைச் செருகி, முகவரி கொடுத்து வைத்திருக்க மாட்டார்கள், அவ்வளவுதான்.

அதன் பெயர் பேஸ்போர்டு மேனேஜ்மென்ட் கன்ட்ரோலர், சுருக்கமாக பிஎம்சி. சர்வரின் தாய்ப்பலகையில் விரல் நகத்தளவு இருக்கும் தனிச் சில்லு இது. இதற்கென்று தனிச் செயலி, தனி நினைவகம், தனி இயக்குதளம், பல சர்வர்களில் தனி நெட்வொர்க் போர்ட்டும் உண்டு. தைவான் நாட்டு ஆஸ்பீட் நிறுவனத்தின் சில்லுகள்தான் இன்று மிகுதியாகப் பயன்படுகின்றன. டெல் நிறுவனம் இந்த வசதியை ஐடிராக் என்கிறது, ஹெச்பி ஐலோ என்கிறது. பெயர்கள் வேறு, செய்யும் வேலை ஒன்றே. சர்வர் அணைந்திருக்கும்போதும், பவர் சப்ளையில் மின்சாரம் வந்துகொண்டிருக்கும் வரை ஒரு சிறு காத்திருப்பு மின்னோட்டம் தாய்ப்பலகைக்குப் போய்க்கொண்டே இருக்கும். பிஎம்சி அதில்தான் வாழ்கிறது. வீடு முழுக்க இருண்டு கிடந்தாலும் திண்ணையில் தனி விளக்கேற்றி விழித்திருக்கும் காவல்காரர் போல. லினக்ஸ் உறைந்து போனாலும், வட்டு செத்துப் போனாலும், இயக்குதளமே இன்னும் நிறுவப்படாத புதுப் பெட்டியாக இருந்தாலும் பிஎம்சியிடம் பேசலாம்.

எல்லா நிறுவனங்களின் சர்வரிடமும் ஒரே மொழியில் பேச வேண்டும் என்பதற்காக 1998இல் இன்டெல், ஹெச்பி, டெல், என்இசி நான்கும் சேர்ந்து ஐபிஎம்ஐ என்ற நெறிமுறையை வெளியிட்டன. 2004இல் வந்த அதன் 2.0 பதிப்புதான் இன்றும் ஓடுகிறது. அதைக் கட்டளை வரியில் பயன்படுத்துவதற்கான திறந்த மூலக் கருவி ஐபிஎம்ஐடூல்.

உலாவியில் அழகான பக்கம் இருக்கும்போது கட்டளை வரி எதற்கு? இரண்டு காரணங்கள். பிஎம்சியின் வலைப்பக்கமும் அதன் வழியே தெரியும் திரைக்காட்சியும் கனமானவை, நல்ல இணைப்பு வேண்டும். புயலுக்கு மறுநாள் கைப்பேசியில் ஒரு கோடு சிக்னல்தான் இருக்கும். அதில் நாலு வார்த்தைக் கட்டளை போகும், படம் போகாது. இன்னொன்று, கட்டளையை ஒரு கோப்பில் எழுதி வைக்கலாம். மூன்று சர்வருக்குச் செய்ததை முப்பது சர்வருக்கும் பிழையில்லாமல் திரும்பச் செய்யலாம். அடுத்து பொறுப்புக்கு வருபவர் அதைப் படித்தாலே என்ன செய்யப்பட்டிருக்கிறது என்று தெரிந்துகொள்வார்.

விசைப்பலகையில் ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டியவற்றை இங்கே ஒலிப்பில் தருகிறேன். முதல் முறை சர்வரின் லினக்ஸுக்குள் ரூட் பயனராக நுழைந்தே இதைச் செய்யலாம். பிஎம்சியின் கடவுச்சொல் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. உள்ளிருந்து பேசும்போது பெரும்பாலான சர்வர்களில் பிஎம்சி கடவுச்சொல் கேட்பதில்லை. பழைய ஊழியர் யாரோ வைத்துவிட்டுப் போன கடவுச்சொல்லை மாற்றுவதற்கும் இதுவே வழி.

‘ஐபிஎம்ஐடூல் லேன் பிரிண்ட் 1’ என்று அடித்தால் இப்போதைய நிலை தெரியும். கடைசியில் உள்ள 1 என்பது சேனல் எண். பல தயாரிப்புகளில் 1, ஹெச்பியில் பெரும்பாலும் 2. எண் தவறினால் பிழைச் செய்திதான் வரும், ஒன்றும் கெட்டுவிடாது. அடுத்து ‘லேன் செட் 1 ஐபிஎஸ்ஆர்சி ஸ்டாட்டிக்’. முகவரியைத் தானாக வாங்கிக்கொள்ளாதே, நான் கொடுப்பதை வைத்துக்கொள் என்று பொருள். இதை முதலில் அடிக்காமல் முகவரியைக் கொடுத்தால் பல பிஎம்சிகள் ஏற்பதில்லை. பிறகு ‘ஐபிஅட்ர்’, ‘நெட்மாஸ்க்’, கடைசியாக ‘டிஃப்ஜிடபிள்யூ ஐபிஅட்ர்’, அதாவது கேட்வே.

இந்தக் கடைசி வரியைத்தான் அதிகம் பேர் விட்டுவிடுகிறார்கள். கேட்வே இல்லாமலேயே அதே அறையில் உள்ள லேப்டாப்பிலிருந்து பிஎம்சி ஒழுங்காகப் பதில் சொல்லும். ‘வேலை செய்யுது சார்’ என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு நிறுவியவர் போய்விடுவார். புதுச்சேரியிலிருந்து முயன்றால் பதிலே வராது. உங்கள் கேள்வி காரைக்கால் வந்து சேரும். பதிலை எந்த வழியாகத் திருப்பி அனுப்புவது என்று பிஎம்சிக்குத் தெரியாது. ஆகவே சோதிப்பதை வேறு ஊரிலிருந்துதான் சோதிக்க வேண்டும். பக்கத்து மேசையிலிருந்து செய்த சோதனை கணக்கில் வராது.

பயனர் கணக்கிலும் இதே மாதிரி ஒரு சிக்கல் உண்டு. பெயர் வைப்பது ஒரு கட்டளை, கடவுச்சொல் வைப்பது ஒன்று, அந்தச் சேனலில் என்ன அதிகாரம் என்பது மூன்றாவது, கணக்கை இயக்குவது நான்காவது. நான்கில் ஒன்று குறைந்தாலும் உள்ளே விடாது. அதிகார எண் 4 என்றால் நிர்வாகி, 3 என்றால் ஆபரேட்டர், 2 என்றால் பார்க்க மட்டும். காரைக்காலில் உள்ள உள்ளூர் ஊழியருக்கு 3 கொடுப்பதே சரி என்பேன். அவரால் சர்வரை நிறுத்தி ஏற்ற முடியும், ஆனால் மற்றவர்களின் கணக்கைத் தொட முடியாது.

இவ்வளவும் முடிந்தபின் தொலைவிலிருந்து ‘சேசிஸ் பவர் ஸ்டேட்டஸ்’ என்று கேட்டால் ‘ஆன்’ என்று பதில் வரும். ‘பவர் சாஃப்ட்’ என்றால் இயக்குதளத்திடம் முறையாகச் சொல்லி அணைக்கும். ‘பவர் சைக்கிள்’ கரண்டைப் பிடுங்கிச் செருகுவதற்குச் சமம், இயக்குதளம் உறைந்தபோது மட்டும் அடிக்க வேண்டியது. ‘எஸ்ஓஎல் ஆக்டிவேட்’ என்றால் சர்வரின் எழுத்துத் திரை அப்படியே உங்கள் முனையத்துக்கு வந்துவிடும். பூட் ஆகும்போது ஓடும் வரிகளையும் படிக்கலாம். இந்தத் தொடர் (சீரியல்) இணைப்பு வழக்கமாக விநாடிக்கு 115200 பிட்டுக்கு மேல் கேட்பதில்லை. பலவீனமான கைப்பேசி இணைப்புகூட அதற்குப் போதும்.

‘சேசிஸ் ஐடென்டிஃபை’ என்ற கட்டளை பாடநூல்களில் ஒரு வரியில் முடிந்துவிடும், ஆனால் நடைமுறையில் இது மிக உதவும். ரேக்கில் ஒரே மாதிரி எட்டுப் பெட்டிகள் அடுக்கியிருக்க, உள்ளூரில் கணினி தெரியாத ஒருவரிடம் எதைத் தொட வேண்டும் என்று போனில் எப்படிச் சொல்வது? இந்தக் கட்டளையை அடித்தால் குறிப்பிட்ட சர்வரின் முகப்பிலும் பின்புறமும் நீல விளக்கு மின்னும். ‘அண்ணே, நீல விளக்கு எந்தப் பொட்டியில மின்னுதுன்னு பாருங்க, அதுல பின்னாடி ரெண்டாவது வயர மட்டும் கழட்டி மாட்டுங்க.’ வேறு சர்வரைத் தவறாகப் பிடுங்கும் விபத்து இதனால் மட்டுமே எத்தனையோ முறை தவிர்க்கப்படுகிறது.

இனி மின்சாரம். 2008 நவம்பரில் நிஷா புயல் காரைக்காலுக்குச் சற்று வடக்கே கரையைக் கடந்தது. 2018 நவம்பர் 16 அதிகாலை, நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா கரையேறியது. டெல்டாவில் மின்கம்பங்கள் வரிசை வரிசையாகச் சாய்ந்தன, பல கிராமங்களுக்கு மின்சாரம் திரும்ப வாரக்கணக்காயிற்று. காரைக்காலில் போலகம் பக்கம் 32.5 மெகாவாட் எரிவாயு மின்நிலையமே இருக்கிறது. ஆனால் கம்பி அறுந்தால் மின்நிலையம் பக்கத்தில் இருந்தும் பயனில்லை.

இந்த நேரத்தில் கை கொடுப்பது ‘சேசிஸ் பாலிசி’ என்ற அமைப்பு. மின்சாரம் போய்த் திரும்பினால் சர்வர் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு மூன்று வழிகள் உண்டு: எப்போதும் எழு, எப்போதும் எழாதே, முன்பிருந்த நிலைக்குப் போ. எப்போதும் எழு என்று வைப்பதுதான் நல்லது என்று தோன்றும். புயலுக்குப் பிந்தைய நாட்களை நினைத்துப் பாருங்கள். கரண்ட் பத்து நிமிடம் வரும், போகும், மறுபடி அரை மணி வரும். யுபிஎஸ் பேட்டரி காலி. ஒவ்வொரு முறையும் எல்லா சர்வர்களும் ஒன்றாக எழுந்து, வட்டுகளைச் சரிபார்க்கத் தொடங்கி, பாதியில் மறுபடி விழும். தரவுத்தளம் கெட்டுப்போவது புயலடித்த இரவில் அபூர்வம், இந்த விட்டு விட்டு வரும் கரண்டில்தான் அது நடக்கிறது. எனவே நெட்வொர்க் சாதனங்களும் விபிஎன் வாசலாக இருக்கும் ஒரு பெட்டியும் மட்டும் தாமாக எழட்டும். தரவு வைத்திருக்கும் சர்வர்களை ‘ஆல்வேஸ் ஆஃப்’ என்று வைத்துவிட்டு, மின்சாரம் நிலைத்து பேட்டரி ஏறிய பின் தொலைவிலிருந்து ஒவ்வொன்றாக எழுப்புவதே பாதுகாப்பு. பிஎம்சி சரியாக அமைந்திருந்தால்தான் இந்தத் துணிவு வரும்.

புயல் இல்லாத நாளிலும் காரைக்கால் சர்வர் அறைக்கு ஓர் எதிரி உண்டு. யுபிஎஸ் சர்வர்களைத் தாங்கும், ஏசியைத் தாங்காது. கரண்ட் போனதும் குளிர்ச்சி நின்றுவிடும், பெட்டிகள் சூடாகிக்கொண்டே ஓடும். சர்வருக்குள் நுழையும் காற்று 18 முதல் 27 டிகிரி செல்சியஸுக்குள் இருக்கலாம் என்பது அமெரிக்கக் குளிரூட்டல் பொறியாளர் சங்கமான ஆஷ்ரேயின் பரிந்துரை. மே மாதக் கடற்கரை வெப்பத்தில் மூடிய அறை அந்த வரம்பைச் சீக்கிரமே தாண்டும். ‘எஸ்டிஆர் லிஸ்ட்’ என்று கேட்டால் பிஎம்சி ஒவ்வொரு உணரியின் அளவையும் வரிசையாகச் சொல்லும்: உள்வரும் காற்றின் வெப்பம், செயலியின் வெப்பம், ஒவ்வொரு விசிறியின் சுழற்சி, மின்னழுத்தங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை இதைக் கேட்டு, வரம்பு தாண்டினால் செய்தி அனுப்பும் சிறு நிரலை எழுதுவது ஒரு மதிய வேலை. உப்புக் காற்றில் விசிறிகளும் இணைப்பு முனைகளும் அரிக்கப்பட்டு வருவதையும் சுழற்சி எண்கள் மெல்லக் குறைவதில் முன்கூட்டியே காணலாம்.

பிஎம்சி ஒரு நாட்குறிப்பும் எழுதுகிறது. ‘எஸ்இஎல் லிஸ்ட்’ என்றால் அது விரியும்: பவர் சப்ளை 1இல் மின்சாரம் இழப்பு, விசிறி 3 கீழ் வரம்பு, நினைவகப் பிழை திருத்தப்பட்டது, இப்படி. சர்வர் ஏன் விழுந்தது என்று யாரும் ஊகிக்க வேண்டியதில்லை, அதில் எழுதியிருக்கும். ஆனால் கடிகாரத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். பல பிஎம்சிகள் உலகப் பொது நேரத்தில் ஓடுகின்றன, நம் நேரம் அதற்கு ஐந்தரை மணி முன்னால். கஜா கரையேறத் தொடங்கிய அதிகாலை 12.30 மணி அந்தக் குறிப்பேட்டில் முந்தைய நாளான நவம்பர் 15, இரவு 7 மணி என்றே இருந்திருக்கும். இதை அறியாமல் படிப்பவர் சர்வர் புயலுக்கு முன்பே விழுந்துவிட்டது என்று முடிவு கட்டுவார். நேரமே அமைக்காத பெட்டியில் 1970ஆம் ஆண்டு ஜனவரி 1 என்று நிற்கும். ‘எஸ்இஎல் டைம் செட்’ என்ற ஒரு வரியில் இது சரியாகும். சில தயாரிப்புகளில் குறிப்பேடு நிரம்பினால் புதியது பதியாது. படித்து, வேறிடத்தில் சேமித்து, அவ்வப்போது துடைப்பது நல்லது.

இவ்வளவு அதிகாரம் உள்ள சில்லு தவறான கைக்குப் போனால்? சர்வரை அணைக்கலாம், வேறு இயக்குதளத்தை ஏற்றலாம், இயக்குதளத்துக்குத் தெரியாமலேயே ஒளிந்திருக்கலாம். 2013இல் பாதுகாப்பு ஆய்வாளர் டான் ஃபார்மர் ஐபிஎம்ஐயின் ஓட்டைகளை வரிசையாக எடுத்துக் காட்டினார். சைஃபர் ஜீரோ என்ற முறை இயங்கும் நிலையில் இருந்தால், பயனர் பெயர் மட்டும் தெரிந்த ஒருவர் எந்தக் கடவுச்சொல்லைக் கொடுத்தாலும் உள்ளே போய்விடலாம். இதை ‘லேன் செட் 1 சைஃபர்_பிரிவ்ஸ்’ கட்டளையில் முதல் இடத்துக்கு எக்ஸ் போட்டு அடைக்க வேண்டும். இன்னொரு ஓட்டை 2.0 நெறிமுறையின் அமைப்பிலேயே இருக்கிறது. கேட்பவர் யார் என்று உறுதி செய்வதற்கு முன்பே, கடவுச்சொல்லிலிருந்து கணக்கிட்ட குறியீட்டை பிஎம்சி அவருக்கு அனுப்பிவிடும். அவர் அதை எடுத்துப்போய் ஓய்வாக உடைக்கலாம். இதைச் சரிசெய்ய வழியில்லை. நெறிமுறை அனுமதிக்கும் 20 எழுத்துகளையும் நிரப்பி, அகராதியில் இல்லாத கடவுச்சொல் வைப்பது ஒரு தடுப்பு. இணையத்திலிருந்து யாரும் யுடிபி 623 என்ற போர்ட்டை எட்டாதபடி தனி விலேனில் வைத்து, விபிஎன் வழியே மட்டும் நுழைய விடுவது முதன்மையான தடுப்பு. தனி போர்ட்டில் கேபிள் இல்லாவிட்டால் சில சர்வர்களில் பிஎம்சி தானாகவே பொது நெட்வொர்க் போர்ட்டுக்கு மாறிக்கொள்ளும். கேபிளைச் செருகாமல் விடுபவர் வசதியை இழப்பதோடு, அறியாமலே வாசலைத் திறந்தும் வைக்கிறார்.

இதில் நமக்கு நெருங்கிய செய்தி ஒன்று. உலகின் பல நிறுவன சர்வர்களில் ஓடும் பிஎம்சி மென்பொருள் மெகாராக். அதை உருவாக்கும் அமெரிக்கன் மெகாட்ரெண்ட்ஸ் நிறுவனத்தை 1985இல் ஜார்ஜியா மாநிலத்தில் சுப்ரமோனியன் சங்கரும் பாட் சர்மாவும் தொடங்கினார்கள். அதன் பெரிய பொறியியல் மையம் ஒன்று சென்னையில் இருக்கிறது. அந்த மெகாராக்கில் 2025 மார்ச்சில், கடவுச்சொல்லே இல்லாமல் நுழைய விடும் ஓட்டை ஒன்று வெளியே தெரிந்தது. தீவிரத்தன்மை அளவீட்டில் பத்துக்குப் பத்து. அதே ஆண்டு ஜூனில் அமெரிக்க இணையப் பாதுகாப்பு முகமை, தாக்குதலில் உண்மையாகவே பயன்படுத்தப்படும் ஓட்டைகளின் பட்டியலில் அதைச் சேர்த்தது. பிஎம்சி ஓட்டை ஒன்று அந்தப் பட்டியலில் ஏறியது அதுவே முதல் முறை. லினக்ஸையும் விண்டோஸையும் மாதந்தோறும் புதுப்பிக்கும் அலுவலகங்கள் பிஎம்சி மென்பொருளை வாங்கிய நாளிலிருந்து தொடுவதே இல்லை. இது மாற வேண்டும்.

அந்த ஓட்டை இருந்தது ரெட்ஃபிஷ் வாசலில். 2015இல் டிஎம்டிஎஃப் அமைப்பு வெளியிட்ட ரெட்ஃபிஷ், ஐபிஎம்ஐக்கு அடுத்த தலைமுறை. வலைப்பக்கங்கள் பயன்படுத்தும் அதே ஹெச்டிடிபிஎஸ் வழியே பேசுவதால் ‘கர்ல்’ கட்டளையிலேயே வேலை முடியும், மறையாக்கமும் வலுவானது. புது சர்வர் வாங்குபவர்கள் ஐபிஎம்ஐயை நெட்வொர்க் வழியே எட்ட முடியாதபடி மூடிவிட்டு, ஒழுங்காகப் புதுப்பித்த ரெட்ஃபிஷை மட்டும் திறந்து வைப்பது நல்லது.

பெரிய அளவில் இது எப்படி நடக்கும் என்பதற்குத் திருச்சிக்குப் போகலாம். காரைக்கால் தேசியத் தொழில்நுட்பக் கழகத்துக்குத் தொடக்கத்தில் வழிகாட்டியாக இருந்த திருச்சி என்ஐடியில், தேசிய மீக்கணினித் திட்டத்தின் கீழ் 2022 மே 25 அன்று பரம் பொருள் தொடங்கிவைக்கப்பட்டது. வேகம் 838 டெராஃப்ளாப்ஸ். இத்தகைய மீக்கணினி என்பது ஒன்றோடொன்று பிணைந்த ஏராளமான சர்வர்களின் கொத்துதான். இம்மாதிரிக் கொத்துகளில் கணக்கிடும் நெட்வொர்க் ஒன்று, பிஎம்சிகளுக்கான நெட்வொர்க் இன்னொன்று என்று பிரித்து வைப்பதே வழக்கம். ஒரு வரி நிரலில் வரிசை முழுவதையும் அணைத்து ஏற்றுகிறார்கள். இரண்டே சர்வர் வைத்திருக்கும் அலுவலகத்துக்கும் அதே கட்டளைகள்தான், அதே பிரிப்புதான்.

பிஎம்சியால் முடியாதவையும் உண்டு. யுபிஎஸ் முழுதாகத் தீர்ந்துவிட்டால் அதுவும் அணையும். ஊருக்குள் வரும் ஃபைபர் அறுந்தால் அது விழித்திருந்தும் யாரும் எட்ட முடியாது. எனவே நிர்வாக சுவிட்சுக்கும் ரவுட்டருக்கும் தனியாக ஒரு சிறு யுபிஎஸ், மாற்று வழியாகச் சிம் அட்டை போட்ட ஒரு ரவுட்டர், இவ்விரண்டும் சேர்ந்தால்தான் ஏற்பாடு முழுமையாகும். இரண்டுக்கும் ஆகும் செலவு, சர்வர் விலையோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குகிறது. நீங்கள் காரைக்காலிலோ நாகையிலோ கடற்கரையோரம் எங்கோ ஓர் அலுவலகத்தை நடத்துபவராக இருந்தால், அதற்கு முன்பே சர்வர் அறைக்கு ஒருமுறை போங்கள். பெட்டியின் பின்புறம் மற்றவற்றிலிருந்து சற்று விலகி ஒரு நெட்வொர்க் போர்ட் தனியாக இருக்கும். பெரும்பாலும் அதன் பக்கத்தில் ஐடிராக், ஐலோ, ஐபிஎம்ஐ, எம்ஜிஎம்டி என்று ஏதாவது அச்சிட்டிருக்கும். அதில் கேபிள் இல்லையென்றால், பொறுப்பில் இருப்பவரை அழைத்து இந்த வாரமே செருகச் சொல்லுங்கள்.